மாற்றுச்சாவி எங்கே இருக்கிறது? கடலோர வீடுகளில் துப்பாக்கிப் பெட்டியின் இரண்டாம் சாவி

துப்பாக்கி வைக்கிற இரும்புப் பெட்டியை வாங்கினால் கூடவே பெரும்பாலும் இரண்டு சாவி வரும். ஒன்று உரிமதாரரின் சாவிக்கொத்தில் சேர்ந்துவிடும். மற்றது எங்கே என்று கேட்டால், "பத்திரமா வீட்லதான் இருக்கு" என்பார்கள். பீரோவில் பட்டுப்புடவை மடிப்புக்குள் இருக்கும், சாமி மாடத்தில் விபூதிச் சம்புடத்துக்கு அடியில் இருக்கும், நிலைக்கு மேலேயோ காலண்டர் ஆணியிலோ அரிசி டிரம்மிலோ இருக்கும். அந்த இடம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். லீவுக்கு வந்த பேரப்பிள்ளைகளுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். திருட வருகிறவனும் முதலில் கை வைப்பது அங்கேதான்.

எத்தனை லீவர் பூட்டு, எவ்வளவு கனமான தகடு என்று பார்த்துப் பார்த்து வாங்கிய பெட்டிக்கு, அந்தச் சாவி இருக்கும் இடத்துக்கு மேல் மதிப்பில்லை. சாவி கையில் கிடைக்கும்போது பெட்டியை உடைக்க யார் மெனக்கெடுவார்கள்? ஆகவே மாற்றுச்சாவியைத் துப்பாக்கியாகவே எண்ண வேண்டும். துப்பாக்கியை வைக்கத் துணியாத இடத்தில் அதன் சாவியையும் வைக்கக் கூடாது. வீட்டுக்குள் எடுக்கும் எல்லா முடிவுக்கும் இது ஒன்றே போதுமான அளவுகோல்.

ராமநாதபுரம் கடற்கரையில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. தொண்டி, தேவிபட்டினம் தொடங்கி மண்டபம், பாம்பன், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி வழியாகச் சாயல்குடி வரை உப்புக்காற்று விடாமல் வீசுகிற நிலம் இது. யாருக்கும் கிடைக்கக் கூடாதென்று மூலையில் போட்ட சாவி, இரண்டு மூன்று மழைக்காலம் கழித்து எடுத்தால் உரிமதாரருக்கே உதவாத துருக்கட்டியாக இருக்கலாம். களவுக்கும் கடலுக்கும் சேர்த்து யோசித்தால்தான் இந்த ஊரில் சாவி நிற்கும்.

சாவி யார் கையில் என்பதும் சட்ட விஷயம்தான்

இந்தப் பக்கம் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்களில் பலதரப்பட்டவர்கள் உண்டு. ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வங்கியிலோ நகைக்கடையிலோ காவல் வேலை பார்ப்பவர், காட்டுப்பன்றித் தொல்லையால் பயிர்ப் பாதுகாப்புக்கென உரிமம் எடுத்த சம்சாரி, தாத்தா காலத்துத் துப்பாக்கியைத் தன் பெயருக்கு மாற்றி வைத்திருப்பவர் என்று சொல்லலாம். வழக்கமாக அது 12 போர் என்கிற குழல் அளவுள்ள ஒற்றைக்குழலோ இரட்டைக்குழலோதான்.

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் ஆளுக்குத்தான், வீட்டுக்கு இல்லை. மனைவிக்கோ மகனுக்கோ அது தானாகப் பொருந்தாது. 2016 ஆயுத விதிகள், துப்பாக்கியைப் பாதுகாப்பாக வைத்துக்கொள்ளும் பொறுப்பை உரிமதாரர் மேலேயே சுமத்துகின்றன. இங்கேதான் சாவி உள்ளே வருகிறது. துப்பாக்கி ஒருவர் வசம் இருக்கிறது என்று சொல்ல அவர் அதைக் கையில் பிடித்திருக்க வேண்டியதில்லை. அது இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதன்மேல் அவருக்கு ஆதிக்கம் இருக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 1972-இல் குன்வந்த்லால் வழக்கில் சொன்னதன் சாரம் இது. பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரிந்து, அதைத் திறக்கும் சாவியும் கையில் இருக்கும் ஒருவர், தேவையில்லாத கேள்விகளுக்குப் பதில் சொல்லும் நிலைக்கு வரலாம். "மச்சான்கிட்ட ஒரு சாவி குடுத்து வச்சிருக்கேன்" என்பதை நம் ஊரில் நம்பிக்கைக்கு அடையாளமாகச் சொல்கிறோம். அந்த மச்சானுக்கு நாம் செய்கிற உபகாரம் அது இல்லை.

அப்படியென்றால் மாற்றுச்சாவியை வெளியே யாரிடமும் கொடுக்கவே முடியாதா? முடியும். சாவியை ஒருவரிடமும் அதை எடுக்கும் வழியை இன்னொரு இடத்திலும் பிரித்து வைத்தால் முடியும். அந்த ஏற்பாட்டைப் பின்னால் பார்ப்போம். முதலில் சாவியைக் கவனிக்க வேண்டும்.

பல்லின் வேரில் தொடங்குகிற துரு

இரும்புப் பெட்டிகளில் பெரும்பாலும் வருவது லீவர் பூட்டு. சாவியின் இரண்டு பக்கமும் பல் இருக்கும், ஒவ்வொரு பல்லின் உயரமும் வேறு. பூட்டுக்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். அவைதான் லீவர். ஒவ்வொரு லீவரிலும் ஒரு வெட்டு உண்டு. சாவி திரும்பும்போது ஒவ்வொரு பல்லும் தனக்குரிய லீவரைத் தனக்குரிய உயரத்துக்குத் தூக்க வேண்டும். எல்லா வெட்டும் ஒரே கோட்டில் வந்து நின்றால்தான் தாழ்ப்பாள் நகரும். ஒரு லீவர் கொஞ்சம் கீழே நின்றாலும் நகராது, கொஞ்சம் மேலே போனாலும் நகராது.

இப்போது துருவை நினைத்துப் பாருங்கள். சாவியின் நிக்கல் பூச்சு வெட்டுமுனைகளில்தான் மெல்லியதாக இருக்கும், அதனால் துரு பல்லின் வேரில் பிடிக்கும். துரு பொம்மிக்கொண்டு நின்றால் பல் லீவரை அதிகமாகத் தூக்கும். துரு உதிர்ந்து குழி விழுந்தால் குறைவாகத் தூக்கும். கண்ணுக்குச் சரியாகத் தெரிகிற சாவி பூட்டில் சுழல மறுப்பதற்குக் காரணம் இந்தச் சின்ன வித்தியாசம்தான். அப்போது நாம் செய்வது என்ன? பலத்தைக் கூட்டுகிறோம். பல் முறிந்து பூட்டுக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

கடற்கரையில் சாவி ஏன் இவ்வளவு சீக்கிரம் கெடுகிறது என்பதற்கு எளிய காரணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோற்றுப்பு தானே நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் இருப்பதால் அது இன்னும் குறைந்த ஈரப்பதத்திலேயே கசியும். மண்டபம், பாம்பன் பக்கம் இரவுக் காற்று இந்த அளவைச் சுலபமாகத் தாண்டும். சாவியின் மேல் படிந்த கண்ணுக்குத் தெரியாத உப்பு, இரவெல்லாம் உப்புநீர்ப் படலமாக மாறி, பகலில் காய்ந்து, மறுபடி ஈரமாகிறது. கை வியர்வையிலும் இதே குளோரைடுதான். தொட்ட கையோடு டப்பாவில் போட்ட சாவி, உப்பை உள்ளே வைத்துப் பூட்டிய சாவி. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான செக்ரி, உலோக அரிப்புச் சோதனைகளுக்கு மண்டபத்தைத் தேர்ந்துகொண்டதும், 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்குப் பாலிசிலாக்சேன் என்ற துருத்தடுப்புப் பூச்சும் துருப்பிடிக்காத கம்பியும் வேண்டியிருந்ததும் இந்தக் காற்றால்தான். நம் வீட்டுச் சாவிக்கு மட்டும் அது இரக்கம் காட்டாது.

ஆகவே மாற்றுச்சாவியை வைக்கும் முன் ஐந்து நிமிட வேலை ஒன்று இருக்கிறது. சாவியை நல்ல தண்ணீரில், போர் தண்ணீர் உப்பாக இருந்தால் குடிதண்ணீரில், பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் பல்லிடுக்குத் தேய்த்துக் கழுவுங்கள். துணியால் துடைத்து அரைமணி நேரம் மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். பிறகு கையால் தொடாமல், ஒரு துணியில் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, சாவி முழுக்க மெல்லிய படலமாகத் தடவுங்கள். வாசலினும் ஆகும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் அதுதான் கைக்கு வரும், ஆனால் நாள்பட்டால் சிக்குப் பிடித்து, அழுக்கோடு சேர்ந்து பூட்டுக்குள் லீவர்களை ஒட்டவைத்துவிடும். எண்ணெய் தடவிய சாவியை மெழுகுத்தாளில் சுற்றி, ஜிப் பையில் 5 கிராம் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றுடன் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். நிறம் மாறுகிற சிலிக்கா ஜெல் வாங்கினால் எப்போது மாற்ற வேண்டும் என்று அதுவே சொல்லும்.

செய்தித்தாளில் சுற்றக் கூடாது, அது ஈரத்தை உறிஞ்சிப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரப்பர் பேண்டு போடக் கூடாது. ரப்பரில் உள்ள கந்தகம் பித்தளையைக் கறுக்க வைக்கும், வெயில் காலத்தில் ரப்பரே உருகிச் சாவியோடு ஒட்டும். எடுத்துப் பூட்டில் போடுவதற்கு முன் எண்ணெயை முழுக்கத் துடைத்துவிட வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

பூட்டின் துவாரத்துக்கு என்ன போடலாம் என்பதில் கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களின் அறிவுரை இங்கே பொருந்தாது. பூட்டுக்கு கிராஃபைட் தூள் போடச் சொல்வது எங்கும் உள்ள வழக்கம். வறண்ட ஊரில் அது சரி. கிராஃபைட் மின்கடத்தி. உப்பு ஈரம் இருக்கும் இடத்தில் இரும்போடு சேர்ந்தால் இரும்பை இன்னும் வேகமாக அரிக்க வைக்கும். கடலோரத்தில் பி.டி.எஃப்.இ (டெஃப்லான்) கலந்த உலர் ஸ்பிரே நல்லது. சிறிய டியூபைத் துவாரத்தில் நுழைத்து ஒருமுறை அடித்து, பத்து நிமிடம் கதவைத் திறந்து வைத்தால் காய்ந்துவிடும். வண்டிக்குப் போடும் கிரீஸ், சமையல் எண்ணெய், மண்ணெண்ணெய் எதுவும் கூடாது.

இன்னொன்று. இரண்டு சாவியையும் மாறி மாறிப் பயன்படுத்தாதீர்கள். ஒன்று தினசரிக்கு. மற்றது தேயாமல் இருக்க வேண்டிய மூலச்சாவி. தினசரிச் சாவி தேய்ந்துபோய் புதிதாக வெட்ட வேண்டி வந்தால் அளவு எடுக்க வேண்டியது மூலச்சாவியிலிருந்துதான். தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டிய சாவி அந்தத் தேய்மானத்தோடுதான் பிறக்கும். அதற்கு இன்னொரு நகல் எடுத்தால் பிழை மேலும் ஏறும்.

ஒளித்து வைக்காதீர்கள், பூட்டி வைங்கள்

சாவியை வைக்கும் இடம் ஒளிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அது பூட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பூட்டுக்கும் ஒரு சாவி இருந்தால், அந்தச் சாவியை எங்கே வைப்பது என்ற கேள்வி திரும்ப வரும். இந்தச் சங்கிலி எங்காவது முடிய வேண்டும், அது தலைக்குள் முடிவதே நல்லது. எண்ணால் திறக்கிற சிறிய இரும்புச் சாவிப்பெட்டி இதற்குத்தான்.

இதிலும் பார்த்து வாங்க வேண்டும். கடையில் இரண்டு வகை கிடைக்கும். சக்கரம் சுழற்றி எண் அமைக்கும் வகையில் நான்கு சக்கரம் என்றால் 10,000 எண்கள் சாத்தியம். பொத்தான் அழுத்தும் வகையில் பத்துப் பொத்தான் இருந்தாலும், பலவற்றில் எந்த வரிசையில் அழுத்தினாலும் ஒன்றுதான். அப்படியானால் பத்தில் நான்கு பொத்தான் என்பது வெறும் 210 சேர்க்கைகள். ஒன்றுக்கு ஐந்து நொடி என்று வைத்தாலும் இருபது நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிடலாம். சக்கர வகையில் இதே கணக்கு பதினான்கு மணி நேரத்தை நெருங்கும். வாங்கும்போது கடையிலேயே எண்ணை அமைத்து, வரிசையை மாற்றி அழுத்திப் பாருங்கள். திறந்தால் அந்தப் பெட்டி வேண்டாம். பொத்தான் வகையில் அடிக்கடி அழுத்திய பொத்தான் பளபளத்துக் காட்டிக்கொடுப்பதும் உண்டு.

எண்ணாகப் பிறந்த ஆண்டு, வண்டி நம்பர், செல்போனின் கடைசி நான்கு இலக்கம் மூன்றும் வேண்டாம். பிள்ளைகள் முதலில் முயல்வது அவற்றைத்தான். பெட்டி வாங்கியபோது இருந்த 0000-வை மாற்றாமல் விடுவது அதைவிட மோசம்.

சாவிப்பெட்டியைச் சுவரில் பொருத்த வேண்டும். கையோடு தூக்கிக்கொண்டு போகிற மாதிரி அலமாரியில் வைத்தால் பயனில்லை. கான்கிரீட் தூணிலோ பெல்ட் பீமிலோ 8 மில்லிமீட்டர் விரிவு போல்ட் (இறுக்கினால் துளைக்குள் விரிந்து பிடிப்பது) இரண்டு போதும், இயன்றால் உப்பைத் தாங்கும் 316 தர ஸ்டெயின்லெஸ் போல்ட். கீழக்கரை, ராமேசுவரம் பக்கத்துப் பழைய வீடுகளில் பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்ட சுவர் உண்டு. அதில் விரிவு போல்ட் இறுக்கினால் கல் உள்ளே நொறுங்கி, போல்ட் கையோடு வந்துவிடும். அங்கே ரசாயன ஆங்கர், அதாவது துளைக்குள் பசை விட்டு இறுகவைக்கும் போல்ட், போட வேண்டும். துப்பாக்கிப் பெட்டி இருக்கும் அறையிலேயே சாவிப்பெட்டியும் வேண்டாம். சமையலறை, கழிவறைச் சுவர்களும் வேண்டாம், அங்கே ஈரம் அதிகம்.

சாவியில் "துப்பாக்கி" என்று எழுதிய அட்டை தொங்கக் கூடாது. பல சாவிகளின் தலையில் ஓர் எண் பொறித்திருக்கும். அதைத் தனியாகக் குறித்து உரிமப் புத்தகத்தோடு சேர்க்காமல் வேறு இடத்தில் வையுங்கள். சாவி தொலைந்தால் கம்பெனியிடம் சொல்ல அது உதவும், அதே எண் திருடனுக்கும் உதவும். சாவியைப் படம் எடுத்து வாட்ஸாப்பில் யாருக்கும் அனுப்ப வேண்டாம். பல்லின் உயரம் தெளிவாகத் தெரிகிற படத்திலிருந்து கள்ளச்சாவி வெட்ட முடியும்.

தோட்டாப் பெட்டியின் சாவியைத் துப்பாக்கிப் பெட்டியின் சாவியோடு ஒரே வளையத்தில் கோக்கக் கூடாது. இரண்டையும் பிரித்து வைக்கச் சொல்வதன் முழு அர்த்தமும் அந்த வளையத்தில் போய்விடும். இதில் வேறொரு சிக்கலும் நடக்கிறது. துப்பாக்கிப் பெட்டியின் மாற்றுச்சாவியைத் தோட்டாப் பெட்டிக்குள்ளும், தோட்டாப் பெட்டியின் மாற்றுச்சாவியைத் துப்பாக்கிப் பெட்டிக்குள்ளும் வைத்துவிடுகிறார்கள். கொத்துச்சாவி கடலில் விழுந்தால் இரண்டும் திறக்காது.

நாட்டுப் பட்டறையில் செய்த பீரோவின் உள்லாக்கரை நம்புபவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பூட்டுகளில் சாவி வகைகள் மிகக் குறைவு. பக்கத்து வீட்டு பீரோச் சாவி நம் பீரோவில் சுழல்வது அபூர்வமில்லை. ஒருமுறை போட்டுப் பாருங்கள். சுழன்றால், மாற்றுச்சாவியை எவ்வளவு பத்திரமாக வைத்தும் பயனில்லை, பூட்டையே மாற்ற வேண்டும்.

எலக்ட்ரானிக் பெட்டியின் அவசரச்சாவி

எண் பலகை உள்ள பெட்டிகள் வந்தபிறகு "எனக்குச் சாவியே தேவையில்லை" என்ற நினைப்பும் வந்துவிட்டது. அந்தப் பெட்டிகளுக்கும் அவசரச்சாவி உண்டு. சாவித் துவாரம் முன்பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடிக்குள்ளோ கம்பெனிப் பெயர்த் தகட்டுக்குப் பின்னாலோ மறைந்திருக்கும். வாங்கும்போது இரண்டு சாவியும் பெட்டிக்குள்ளேயே ஒரு பொட்டலத்தில் இருக்கும். பலர் அந்தப் பொட்டலத்தை அங்கேயே விட்டுக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். பேட்டரி தீர்ந்த நாளில்தான் அது நினைவுக்கு வரும்.

இந்தக் கடற்கரையில் பேட்டரி தீர்வதற்கு முன்பே தொடர்பு முனைகள் பச்சை பிடித்துக் கெடும். வழக்கமாக நான்கு 1.5 வோல்ட் ஏஏ அல்கலைன் செல். ஆண்டுதோறும் புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள். பழையதும் புதியதும் கலந்தால் பழையது கசியும். சிலவற்றில் வெளியிலிருந்து 9 வோல்ட் பேட்டரி தொட்டுத் திறக்கும் முனை உண்டு. உங்கள் பெட்டியில் உண்டா என்று இப்போதே பார்த்து வையுங்கள். கம்பெனி வைத்த மூல எண்ணை மாற்றியாயிற்றா என்பதையும்.

வெளியே ஒரு சாவி இருக்க வேண்டுமானால்

வீடு எரியலாம், வெள்ளம் புகலாம், உரிமதாரர் மருத்துவமனையில் இருக்கலாம். மாற்றுச்சாவி வீட்டுக்கு வெளியே இருப்பதே பல குடும்பங்களுக்கு நல்லது. முதல் தேர்வு வங்கி லாக்கர். துப்பாக்கியையோ தோட்டாவையோ லாக்கரில் வைக்கக் கூடாது, வங்கி ஒப்பந்தங்கள் அதைத் தடுக்கின்றன. சாவிக்குத் தடையில்லை. லாக்கருக்கு நியமனதாரர் பெயர் கொடுத்திருந்தால் உரிமதாரர் இறந்தாலும் குடும்பம் அதை எடுக்க முடியும். ஞாயிற்றுக்கிழமை இரவில் எடுக்க முடியாதே என்றால், மாற்றுச்சாவி ஞாயிற்றுக்கிழமை இரவுக்கானது இல்லை என்பதுதான் பதில்.

லாக்கர் இல்லாதவர்களுக்கு, முன்பு சொன்ன பிரித்து வைக்கும் ஏற்பாடு. எண் பூட்டுச் சாவிப்பெட்டி ஒன்றில் சாவியைப் போட்டு, பெட்டியைப் பரமக்குடியிலோ மதுரையிலோ இருக்கும் அண்ணன் வீட்டில் கொடுங்கள். உள்ளே என்ன என்று சொல்ல வேண்டிய கட்டாயமில்லை, எண்ணைச் சொல்லக் கூடாது. எண் எழுதிய உறை வக்கீலிடமோ வேறொரு பொறுப்பான உறவினரிடமோ இருக்கட்டும். இருவரும் சேர்ந்தால் ஒழிய, ஒருவரால் மட்டும் துப்பாக்கியை நெருங்க முடியாது. கொடுக்கும்போது பெட்டியின் கொக்கியில், எண் அச்சிட்ட பிளாஸ்டிக் இழுப்பு சீல் ஒன்று மாட்டி, அந்த எண்ணை உங்கள் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். காகித உறையில் ஒட்டிக் கையெழுத்துப் போடும் பழைய முறை இங்கே நிற்காது. ஐப்பசி ஈரத்தில் கோந்து இளகி, யாரும் தொடாமலேயே உறை திறந்துகொள்ளும். அப்புறம் யாரைச் சந்தேகப்படுவது?

உரிமதாரர் இறந்தபின் செய்ய வேண்டியதையும் அந்த உறையிலேயே எழுதி வையுங்கள். வாரிசுகள் துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துக்கொள்ள முடியாது. ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும். சாவி கிடைத்ததும் தாங்களே திறந்து எடுத்துக்கொண்டு நடப்பதைவிட, முதலில் நிலையத்துக்குத் தகவல் சொல்லி அவர்கள் சொல்லும்படி செய்வது எவ்வளவோ நல்லது. துப்பாக்கியில் தோட்டா ஏறியிருக்கிறதா இல்லையா என்று பார்க்கத் தெரியாத கை அந்தத் துப்பாக்கியைத் தொடவே கூடாது.

வெளிநாடு போகிறவர்கள் மாற்றுச்சாவிக்கு இடம் தேடாமல், துப்பாக்கியையே நிலையத்திலோ விற்பனையாளரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு போவதே முறை. வீட்டில் யாராவது மனம் உடைந்து, உயிரைப் பற்றி விபரீதமாகப் பேசினாலும் அதேதான். சாவியை இடம் மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள், அன்றைக்கே துப்பாக்கி வீட்டை விட்டுப் போகட்டும். உரிமதாரரே அந்த நிலையில் இருந்தால் குடும்பம் காவல் நிலையத்தின் உதவியைக் கேட்கத் தயங்கக் கூடாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.

புயல் எச்சரிக்கை வந்தால்

2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் வீட்டைப் பூட்டிவிட்டு மண்டபத்துக்கோ நிவாரண முகாமுக்கோ கிளம்புகிறவர் கையில் தினசரிச் சாவி இருக்கும், மாற்றுச்சாவி வெள்ளத்துக்குள் இருக்கும். அதனால் சாவிப்பெட்டியைத் தரையிலிருந்து குறைந்தது ஐந்தடி உயரத்தில் பொருத்துங்கள். முகாமுக்குப் போகும்போது தினசரிச் சாவி உரிமதாரரின் உடம்போடு இருக்க வேண்டும், பையில் இல்லை. திரும்பி வந்ததும் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், பூட்டை நல்ல தண்ணீரால் அலசிக் காயவைத்த பிறகே சாவியைச் சுழற்றிப் பாருங்கள். உப்புச் சேற்றோடு சுழற்றினால் லீவர்கள் கீறும்.

ஆண்டுக்கு இரண்டு முறை, புரட்டாசியிலும் மாசியிலும், மாற்றுச்சாவியை எடுத்து ஒருமுறை திறந்து மூடிப் பார்ப்பது போதும். பூட்டு இறுகலாகத் தெரிந்தால் உடனே சாவியைக் குறை சொல்லாதீர்கள். மணல் தரையில் நிற்கும் பெட்டி ஒரு பக்கம் இறங்கினால் கதவு சட்டத்தில் உரசி, தாழ்ப்பாள் மாட்டிக்கொள்ளும். கொத்தனாரின் ரசமட்டத்தைப் பெட்டியின் மேலே வைத்துப் பார்த்து, கால்களுக்குக் கீழே தகடு கொடுத்துச் சமன் செய்யுங்கள். கதவை உள்ளே அழுத்திக்கொண்டு சாவியைத் திருப்பினால் இலகுவாகச் சுழன்றால், குற்றம் கதவில்தான்.

பூட்டுக்காரரை அழைக்க வேண்டியிருந்தால் தேர்தல் காலம் வசதியானது. தேர்தல் அறிவித்ததும் பெரும்பாலான உரிமதாரர்கள் துப்பாக்கியை நிலையத்தில் ஒப்படைக்க வேண்டியிருக்கும், வங்கிக் காவலர் போன்ற சிலருக்குத்தான் விலக்கு. பெட்டி காலியாக இருக்கும் அந்த வாரங்களில் பூட்டைக் கழற்றலாம், துடைக்கலாம், அந்நியர் முன்னால் கதவைத் திறந்து வைக்கலாம். தேவையில்லாமல் யாருக்கும் எதுவும் தெரிய வராது.

ஒரு சாவி தொலைந்தால்

வீட்டில் எங்காவது இருக்கும் என்று இருந்துவிடாதீர்கள். இரண்டில் ஒன்று காணாமல் போனால் அந்தப் பூட்டு இனி உங்களுடையது மட்டும் இல்லை. மிச்சமிருக்கும் சாவியால் பெட்டியைத் திறந்து, துப்பாக்கியும் தோட்டாவும் எண்ணிக்கைப்படி இருக்கின்றனவா என்று அதே நாளில் பாருங்கள். துப்பாக்கி காணவில்லை என்றால் தாமதமின்றிக் காவல் நிலையத்தில் புகார். இருந்தால் அதை நிலையத்திலோ விற்பனையாளரிடமோ ஒப்படைத்துவிட்டுப் பூட்டை மாற்றுங்கள். மூன்றாவது சாவி வெட்டிக்கொள்வது தீர்வில்லை. தொலைந்தது இன்னும் திறக்கும்.

இரண்டும் தொலைந்து துப்பாக்கி உள்ளே இருந்தால், பெட்டியைத் துளைக்கச் சொல்வதற்கு முன்பே நிலையத்தில் எழுத்துமூலம் தகவல் கொடுங்கள். பெட்டிக் கம்பெனியின் ஆளையே கூப்பிடுங்கள். உரிமத்தையும் பெட்டி வாங்கிய பில்லையும் பார்க்காமல் துளைக்க ஒப்புக்கொள்கிற ஆளை நம்ப முடியாது. பேருந்து நிலையத்து ஓரம் சாவி வெட்டும் தொழிலாளி கைத்தேர்ந்தவராக இருக்கலாம், ஆனால் சாவியை அவரிடம் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. வெட்டி முடியும் வரை பக்கத்தில் நில்லுங்கள்.

புதிய பூட்டு மாட்டியதும் கதவைச் சாத்திப் பார்க்க அவசரப்படாதீர்கள். கதவைத் திறந்தே வைத்து, இரண்டு சாவியாலும் தலா பத்து முறை தாழ்ப்பாளை வெளியே தள்ளி உள்ளே இழுத்துப் பாருங்கள். ஒருமுறை தயங்கினாலும் பூட்டுக்காரர் கிளம்புவதற்கு முன்பே சரிசெய்யச் சொல்லுங்கள். அதன் பிறகு பழைய சாவியின் பல்லை அரத்தால் ராவிவிட்டு, புதிய மாற்றுச்சாவியைக் கழுவித் துடைத்து எண்ணெய் போட்டுச் சாவிப்பெட்டிக்குள் வையுங்கள்.